சலாபத்து ஊரும் கணினி கட்டும் ஊரும்

கற்பனை ஊர்களின் வரலாறு: 6-ஆம் பகுதி

கணினியைக் கொண்டு ஓர் ஊரைக் கட்டுவதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, இடத்தை அமைப்பது: தெரு, மதில், துறை, சந்தை, கோயில். மற்றது, அந்த இடத்தில் ஆட்களைக் குடியமர்த்துவது: பெயர், வயது, தொழில், உறவு, கடன், பகை. மாயக்கதை உலகில் நடக்கும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கு இரண்டும் வேண்டும். இவ்விளையாட்டில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பாத்திரம் ஏற்கிறார்கள். ஆட்டத்தை நடத்துபவர் அவர்கள் காணும் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். பாத்திரங்கள் ஒரு துறைமுகத்தில் இறங்கியதும், இங்கே கயிறு விற்பவர் யார், அவருக்கு யாரோடு பகை என்று ஒருவர் கேட்பார். விடை உடனே வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே கேள்வி வந்தால் அதே விடை வேண்டும். ஆயிரம் பேர் வாழும் ஊரை ஆள் ஆளாக முன்கூட்டி எழுதிவைப்பது ஒருவரால் ஆகாது. விதிகளை மட்டும் கொடுத்து, அவற்றிலிருந்து ஊரை விளைவிக்கும் மென்பொருள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

அரை நூற்றாண்டாக வளர்ந்துவரும் இந்தக் கலையைச் சோதித்துப் பார்க்க, தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஆள் இல்லாத மணற்கரையில், எழுதப்பட்ட விதிகளின்படி ஓர் ஊரை எழுப்பி, ஆயிரக்கணக்கானோரைக் குடியமர்த்தி, இரண்டு மாதத்தில் கலைத்துவிடும் வழக்கம் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் இருந்தது. அந்த ஊருக்குக் காரணம் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு.

விதிப்படி எழுந்த ஊர்

முத்துச்சிப்பி கடலடியில் பாறைத் திட்டுகளில் கூட்டமாக வளர்கிறது. அத்திட்டுகளைக் கரையோர மக்கள் பார் என்கிறார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. சிப்பி முதிர்ந்து நல்ல முத்துத் தர நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். எல்லாப் பாரிலும் எல்லா ஆண்டிலும் சிப்பி பிடிப்பதில்லை; பல ஆண்டுகள் ஒன்றுமே இராமல் போவதும் உண்டு. ஆகவே 19-ஆம் நூற்றாண்டில் சலாபம் ஒரு கணக்கிலிருந்து தொடங்கியது. அரசு அதிகாரிகள் பாரைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பீட்டாளர்களிடம் காட்டுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று தெரிந்த பிறகே சலாபம் அறிவிக்கப்படும். மதிப்பு போதாவிட்டால் அந்த ஆண்டு ஊர் எழாது.

அறிவிப்பு வந்ததும், கடல் அமைதியாக இருக்கும் மாசி முதல் சித்திரை வரையிலான காலத்தை ஒட்டிக் கரையில் ஊர் எழும். தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள மணற்கரையிலும், எதிர்க்கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலும் இப்படி ஊர்கள் எழுந்தன. 1889-இல் தூத்துக்குடிச் சலாபம் நடந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்கள் பற்றி 1890-இல் வெளியிட்ட நூல் அக்காலத்தை அறிய முக்கியச் சான்று. ஓலையும் மூங்கிலும் கொண்டு கட்டிய கொட்டகைகள் நேர்த்தெருக்களில் நின்றன. நீதிமன்றம், காவல் நிலையம், மருத்துவமனை, அஞ்சல், கருவூலம், குடிநீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். 1905-ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 5,000 குளியாட்களும் அதில் ஈடுபட்டார்கள். அந்நாளைய எழுத்துகள் இத்தகைய ஊரின் மக்கள்தொகையை 40,000 வரை சொல்கின்றன. கடலில் மூழ்கியவர்கள் ஊரில் ஒரு சிறு பகுதியினரே என்பது இதிலிருந்து விளங்கும். மற்றவர்கள் சிப்பி வாங்குவோர், முத்து துளையிடுவோர், வட்டிக்காரர், சோறு விற்போர், விறகு விற்போர், கூலியாட்கள், காவலர், எழுத்தர், இரவலர்.

இவர்கள் எல்லோரையும் ஒரே ஊராகப் பிணைத்தது பங்கு. நள்ளிரவில் நிலக்காற்றில் பாய் விரித்துப் போகும் படகுகள் விடியலில் பாரைச் சேரும். குளியாள் கயிற்றில் கட்டிய கல்லைக் காலால் பற்றி இறங்கி, ஒரு மூச்சில் சிப்பிகளை வாரி, வலைப்பையில் இடுவார். மேலே கயிறு பிடிப்பவர் அவரைத் தூக்குவார். குளியாளின் உயிர் கயிறு பிடிப்பவர் கையில் இருந்ததால் அவர் நம்பிக்கைக்குரிய உறவினராகவோ கூட்டாளியாகவோ இருப்பதுண்டு. நண்பகலில் தொழில் நின்று, கடற்காற்றில் படகுகள் திரும்பும். கரையில் கொட்டு எனப்படும் அடைப்புக்குள் சிப்பிகள் மூன்று சம குவியல்களாக இடப்படும். அவற்றில் இரண்டு அரசுக்கு, மூன்றாவது படகுக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். படகின் பங்கு, படகுக்கு உரிமையாளரான சம்மாட்டி, படகை நடத்தும் தண்டல், குளியாள், கயிறு பிடிப்பவர் ஆகியோருக்குள் மீண்டும் பிரியும். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கும் சிப்பியில் உரிமை உண்டு. அவர் மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்கத் தயங்கினார்கள் என்பதால், ஆங்கில அரசும் அந்தப் பதவியை ஏற்று நடத்தியது.

இந்த முறை ஆங்கிலேயர் கண்டுபிடித்தது அன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டும் மந்திரக்காரருக்கும் போனதாக எழுதியிருக்கிறார். டச்சுக்காரர் காலத்தில் வரி, குளியாள் பற்றி இறங்கும் கல்லின் கணக்கில் வாங்கப்பட்டது. குளிப்பவர் கிறித்தவரா, இந்துவா, முஸ்லிமா என்பதைப் பொறுத்து வரி மாறியது. இக்கரையின் கடல்தொழில் சமூகமான பரதவரின் சாதித்தலைவருக்கும் சில கோயில்களுக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் வரியில்லா மானியக் கற்கள் இருந்தன. ஆட்சி மாறினால் விகிதம் மாறும். பங்கு என்ற அடிப்படை மாறாது.

பகடையும் அட்டவணையும்

விளையாட்டுக்காக ஊர் கட்டும் முயற்சி கணினிக்கு முன்பே பகடையில் தொடங்கியது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இத்துறையின் முதல் நூல். 1979-இல் வந்த அதன் நடத்துநர் கையேட்டில் நகரத் தெருவில் எதிர்ப்படுவோருக்கான அட்டவணை இருந்தது. பகடையை உருட்டினால் வணிகனோ பிச்சைக்காரனோ காவலனோ வருவான். அடுத்த உருட்டல் முந்தையதை அறியாது. ஆகவே இந்த முறை ஆட்களைத் தந்தது. அவர்களுக்குள் தொடர்பைத் தரவில்லை.

1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்னும் விண்வெளி விளையாட்டு இங்கே ஒரு பெரிய அடி எடுத்துவைத்தது. அதில் ஓர் உலகத்தின் அளவை முதலில் பகடை முடிவு செய்யும். வளிமண்டலத்தைக் கணக்கிடும்போது அளவு சேர்த்துக்கொள்ளப்படும். மக்கள்தொகை ஆட்சி முறையைத் தீர்மானிக்கும். ஆட்சி முறை சட்டத்தின் கடுமையைத் தீர்மானிக்கும். இவற்றையெல்லாம் பார்த்தே தொழில்நுட்ப நிலை வரும். தற்செயலும் காரணமும் ஒரே கணக்கில் சேர்ந்தன. இன்றைய ஊர் கட்டும் மென்பொருள் பலவற்றின் உள்ளே ஓடுவது இந்தச் சங்கிலிதான்.

சலாபத்தை இந்த முறையில் எழுதுவது எளிது. முதல் உருட்டல் பாரின் நிலை: வெறுமை, இளஞ்சிப்பி, முதிர்ந்த சிப்பி. வெறுமை என்றால் மற்ற உருட்டல்களே இல்லை. முதிர்ந்த சிப்பி என்றால் மாதிரியின் மதிப்பு, மதிப்பிலிருந்து படகுகளின் எண்ணிக்கை, அதிலிருந்து குளியாட்கள், அவர்களிலிருந்து வணிகர்கள், கடைகள், காவலர்கள். முதல் படியில் ஒரு மாற்றம் வந்தால் கடைசிப் படியில் உள்ள சோற்றுக்கடை வரை அது தெரியும்.

விதை எண்

1980-இல் வந்த 'ரோக்' என்னும் கணினி விளையாட்டு ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிய நிலவறையை உருவாக்கிக் காட்டியது. 1984-இல் பிரிட்டனில் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் எழுதிய 'எலீட்' இதற்கு எதிர்த்திசையில் சென்று பெரிய வெற்றி கண்டது. அவர்கள் கையில் இருந்த பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்களையும், ஒவ்வொன்றிலும் 256 உலகங்களையும் வைத்தார்கள். எதையும் அவர்கள் சேமிக்கவில்லை. சில எண்களை விதையாக வைத்து, அவற்றைக் கூட்டிச் சுழற்றி, அடுத்த உலகத்தின் எண்களைப் பெற்றார்கள். அந்த எண்களிலிருந்தே உலகத்தின் பெயர், ஆட்சி, பொருளாதாரம், அங்கே வாழ்வோரின் இனம், சந்தை விலை எல்லாம் பிறந்தன.

விதை எண்ணின் பயன் நிலைத்தன்மை. ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே ஊர் வரும்; இருவர் இரு கணினிகளில் அந்த எண்ணை இட்டாலும் தெரு மாறாது, கயிற்றுக்கடைக்காரர் பெயரும் மாறாது. ஆட்டத்தை நடத்துபவர் ஆயிரம் பக்கம் எழுதிவைக்க வேண்டியதில்லை. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். இதன் குறையும் தெளிவானது. எலீட்டின் உலகங்கள் ஒன்றையொன்று அறியா. பக்கத்து உலகத்தில் பஞ்சம் வந்தாலும் இந்த உலகத்தின் மக்கள் இடம்பெயர மாட்டார்கள்.

எத்தனை பேருக்கு எத்தனை கடை

அடுத்த கேள்வி எண்ணிக்கை. மூவாயிரம் பேர் வாழும் ஊரில் எத்தனை கொல்லர், எத்தனை தையற்காரர்? 1993-இல் எஸ். ஜான் ராஸ் எழுதிய இடைக்கால மக்கள்தொகைக் கையேடு இதற்கு எளிய வழி தந்தது. ஒரு தொழில் பிழைக்க எத்தனை மக்கள் வேண்டும் என்பதை அவர் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண்ணாகக் கொடுத்தார். செருப்புத் தொழிலுக்கு அது 150. ஊரின் மக்கள்தொகையை 150-ஆல் வகுத்தால் செருப்புத் தொழிலாளர் எண்ணிக்கை வரும். மூவாயிரம் பேருக்கு இருபது பேர். கணினிக்கு மிக ஏற்ற கணக்கு இது. பிற்கால மென்பொருள்கள் பலவும் இதையே அடியொற்றின.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் நிபந்தனை, ஊர் தன் மக்களுக்காகவே உழைக்கிறது என்பது. கரையோர ஊர் அப்படி இல்லை. சலாபத்து ஊரில் வயல் இல்லை. அரிசியும் தேங்காயும் வெளியிலிருந்து வரவேண்டும். செருப்புத் தொழிலாளருக்கு அங்கே வேலை குறைவு. முத்து துளையிடுவோர் தெருவுக்கு ஒருவர் வேண்டும். அங்கே விளையும் பொருளை வாங்குபவர் அந்த ஊரில் வாழ்பவர் அல்லர். பம்பாயிலும் அதற்கு அப்பாலும் உள்ளவர். தூத்துக்குடியின் உப்பளத்துக்கும் சங்குக்கும் கருவாட்டுக்கும் இது பொருந்தும். எனவே முத்துக்கரை ஊரைக் கட்டும் மென்பொருள் மக்கள்தொகையை வகுத்துத் தொழிலைப் பெறக்கூடாது. கடல் தரும் பொருளில் தொடங்கி, அதை எடுப்பவர், கரை சேர்ப்பவர், பக்குவம் செய்பவர், விற்பவர், கடன் கொடுப்பவர் என்று கணக்கிட்டு, கடைசியில் மக்கள்தொகையைப் பெறவேண்டும்.

விலையையும் விதியாக எழுத இக்கரையில் முன்னோர் முறை உண்டு. முத்துகள் 20 முதல் 1,000 வரை துளைகள் கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிக்கப்பட்டு அளவு பிரிக்கப்பட்டன. பிறகு உருண்டை, ஒளி, நிறம் பார்த்து ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் பிரித்தார்கள். உயர்தர முத்துக்கு மதிப்பு செவ்வு என்னும் அலகில் வந்தது: மஞ்சாடியில் எடுத்த எடையை வர்க்கப்படுத்தி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதில் முக்கால் பங்கு. நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்து 12 செவ்வு. அதே எடைக்கு நான்கு முத்துகள் நின்றால் 3 செவ்வு மட்டுமே. ஒரு குளியாளின் கையில் வந்த ஒற்றைச் சிப்பி அவர் குடும்பத்தின் நிலையை ஏன் மாற்றக்கூடும் என்பதை இந்தச் சூத்திரம் எண்ணாலேயே காட்டுகிறது. கதைக்கு ஏற்ற விதி இது.

தெருக்கள்

2001-இல் சூரிச்சைச் சேர்ந்த யோவ் பாரிஷ், பாஸ்கல் முல்லர் இருவரும் நகரங்களை விதிகளால் வரையும் முறையை வெளியிட்டார்கள். செடியின் கிளைத்தலை விளக்க உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மாயர் 1968-இல் வகுத்த எழுத்து மாற்று விதிகளை அவர்கள் சாலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு சாலை வளரும், கிளைக்கும், நீர்நிலையைக் கண்டால் திரும்பும் அல்லது நிற்கும், சரிவைக் கண்டால் வளையும். மாயக்கதை விளையாட்டினர் நடுவே பெரிதும் பரவியது 2017-இல் ஓலெக் தோல்யா வெளியிட்ட நகர வரைபடக் கருவி. அது தளத்தில் புள்ளிகளைத் தூவி, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் உள்ள நிலத்தை அதற்கே பிரித்துக் கொடுத்து, அப்பகுதிகளைச் சந்தை, கைவினைஞர் குடியிருப்பு, கோட்டை என்று ஆக்குகிறது. ஒரு நொடியில் மதில் சூழ்ந்த நகரம் திரையில் வந்துவிடும்.

இவ்வரைபடங்களுக்கு ஐரோப்பிய இடைக்கால நகரமே முன்மாதிரி: மதில், நடுச்சந்தை, அதன் அருகே பேராலயம். முத்துக்குளித்துறையின் ஊர் அந்த வடிவில் வராது. பரதவர் ஊர் கடலை நோக்கி நீளும். கோயில் கடல் பார்த்து நிற்கும். படகு ஏற்றும் மணற்பரப்பு பொது இடம். வலை காயும் இடத்தில் வீடு கட்டக்கூடாது. தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயம் கடற்கரையை ஒட்டி இருப்பதும், மணப்பாட்டில் சிலுவைக் கோயில் கடலுக்குள் நீண்ட மணல் மேட்டின் மீது இருப்பதும் இவ்வகை அமைப்பின் சான்றுகள். சலாபத்து ஊரோ நேர்கோடுகளால் ஆனது. அரசு அளந்து போட்ட தெருக்கள், நடுவே காவல் உள்ள கொட்டு, காற்று வீசும் திசைக்கு அப்பால் சிப்பி அழுகும் தொட்டிகள். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈயும் வாந்திபேதியும் ஊரின் அமைப்பையே தீர்மானித்தன. ஆகவே இங்கே தெரு விதிகளுக்கு முதல் இடுபொருள் காற்றின் திசை.

2018 முதல் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்குள் ஊர் கட்டும் நிரல்களுக்கான போட்டி நடந்துவருகிறது. நிலத்துக்கு ஏற்ப ஊர் இணங்குகிறதா, ஊர் வாழப் பயன்படுமா, ஊர் தன் கதையைச் சொல்கிறதா, பார்க்க அழகாக உள்ளதா என்ற நான்கு அளவுகளில் நடுவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். இவற்றுள் கதை சொல்வதே கடினம். அதற்குக் கடந்தகாலம் வேண்டும்.

ஊருக்கு ஒரு கடந்தகாலம்

டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' இதற்கு விடை தந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே அது ஓர் உலகத்தின் பல நூறு ஆண்டு வரலாற்றை ஓட்டிமுடிக்கிறது. மலை தேய்கிறது, ஆறு ஓடுகிறது, குடிகள் பரவுகின்றன, போர் நடக்கிறது, ஊர் அழிகிறது, பிழைத்தவர் வேறிடம் போகிறார்கள். ஒரு முதியவரைக் கேட்டால் அவர் எந்த ஊரிலிருந்து, எந்தப் போரில் ஓடிவந்தவர் என்று சொல்ல மென்பொருளிடம் உண்மையான பதிவு இருக்கும்.

ஜேம்ஸ் ரையன் உருவாக்கிய 'டாக் ஆஃப் தி டவுன்' ஒரு சிற்றூரை 1839 முதல் 1979 வரை ஓட்டுகிறது. மக்கள் பிறக்கிறார்கள், மணக்கிறார்கள், கடை திறக்கிறார்கள், இறக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மற்றவரைப் பற்றிய அறிவு தனித்தனி. கண்டதையும் கேட்டதையும் நினைவில் வைக்கிறார்கள், மறக்கிறார்கள், தவறாக நினைக்கிறார்கள், பொய்யும் சொல்கிறார்கள். இதை வைத்து அமைத்த 'பேட் நியூஸ்' என்னும் ஆட்டத்தில், இறந்த ஒருவரின் நெருங்கிய உறவினரைத் தேடிச் செய்தி சொல்லவேண்டும். ஊரார் அத்தனை பேரையும் ஒரே நடிகர் நடிப்பார். யாருக்கு என்ன தெரியும் என்பதை மென்பொருள் அவருக்குச் சொல்லும்.

முத்துக்கரையின் வரலாறு இவ்வகை மென்பொருளுக்கு விதிகளாகவே எழுதத்தக்கது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்', பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்றவர்கள் முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தைத் தூர்த்தது, கடல் விலகியது, கொற்கை உள்நாட்டு ஊர் ஆனது. துறைமுகம் காயலுக்குப் போனது, அதுவும் தூர்ந்தது. 1530-களில் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825-இல் அது ஆங்கிலேயர் கைக்கு உறுதியாக மாறியது. ஆறு தூர்த்தால் துறை நகரும். துறை நகர்ந்தால் வணிகர் நகர்வர். குளிக்கும் உரிமைக்கு இரு குழுக்கள் போட்டியிட்டால் ஒரு குழு வெளியார் படையை அழைக்கும். அழைத்த படை வரியைப் பெறும். மதமும் பெயரும் மாறும். இந்த ஐந்து விதிகளை வரிசையாக ஓட்டினால், மூன்று பழைய துறைகளின் இடிபாடுகளும், புதிய துறையும், ஒரே தொழிலைச் செய்யும் வெவ்வேறு சமயத்தவரும் கொண்ட ஒரு கரை கிடைக்கும்.

பெயர்கள்

ஊரார் பெயர்களை உருவாக்கப் பெரும்பாலான மென்பொருள்கள் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ் 1913-இல் காட்டிய முறையைக் கையாளுகின்றன. அவர் புஷ்கினின் ஒரு கவிதை நூலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின்னும் மெய்யெழுத்துக்குப் பின்னும் வருவது உயிரா மெய்யா என்று எண்ணினார். பெயர்ப் பட்டியல் ஒன்றில் எந்த எழுத்துக்குப் பின் எது வருகிறது என்று இப்படி எண்ணிவைத்தால், அதே ஓசையுடைய புதுப்பெயர்களை உருவாக்க முடியும். தமிழில் இதைச் செய்யும்போது உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொள்ளவேண்டும். கணினி உள்ளே வைத்திருக்கும் குறிகளாகப் பிரித்தால், மெய் இல்லாத கால்களும் கொம்புகளும் பெயருக்கு நடுவே நிற்கும். சொல்லின் முதலில் எந்த எழுத்து வரலாம், இறுதியில் எது வரலாம் என்ற இலக்கண வரம்பையும் நிரலில் சேர்த்தால், வரும் பெயர் தமிழ்ப் பெயராக ஒலிக்கும்.

ஓசை மட்டும் போதாது. புன்னைக்காயல், பழையகாயல், வீரபாண்டியன்பட்டினம், குலசேகரன்பட்டினம், பெரியதாழை, வைப்பார், வேம்பார் என்னும் ஊர்ப்பெயர்கள் நிலத்தையோ அரசரையோ ஆற்றையோ சொல்கின்றன. ஆகவே ஊர்ப்பெயர் வரைபடத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் பிறக்கவேண்டும். ஆட்பெயரிலும் அப்படியே. பரதவர் குடும்பங்களில் பர்னாந்து, ரொட்ரிகோ, மோத்தா, கொறேரா, மச்சாது போன்ற போர்த்துகீசியக் குடும்பப் பெயர்கள் வழங்குகின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு வழிப் பெயர்களும் மரைக்காயர் என்ற பட்டமும் வழங்குகின்றன. 1530-களின் நிகழ்ச்சி நடக்காத உலகத்தில் பர்னாந்து என்ற பெயர் வரக்கூடாது. கற்பனை உலகமானாலும், எந்தக் கப்பல் எந்தக் கரைக்கு வந்தது என்பதற்கு ஏற்பவே பெயர் அமையவேண்டும்.

பேசும் ஊரார்

2023 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுள் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சிற்றூரில் 25 பேரைக் குடியமர்த்தினார்கள். ஒவ்வொருவர் பேச்சையும் முடிவையும், எழுத்துகளிலிருந்து பயின்று உரை எழுதும் மென்பொருளான மொழி மாதிரி எழுதியது. கண்டவை நினைவில் சேர்ந்தன. நினைவுகளிலிருந்து அவர்கள் முடிவுகளை எடுத்தார்கள். நாள் திட்டம் போட்டார்கள். ஒருவர் காதலர் தின விருந்து வைக்க நினைத்ததும், செய்தி வாய்வழி பரவி, சிலர் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வந்துசேர்ந்தார்கள். இப்போது ஆட்டத்தை நடத்துபவர் கயிற்றுக்கடைக்காரரின் பெயரை மட்டுமல்ல, அவர் பேச்சையும் பெறமுடியும்.

இதன் பலம் பேச்சு; பலவீனம் கணக்கு. மொழி மாதிரி கேட்பவருக்கு இசைவாகப் பேசும். ஒரு சம்மாட்டியிடம் இருக்கும் படகு எத்தனை, குளியாள் அவருக்குப் பட்ட கடன் எவ்வளவு என்பதை இரண்டு நாளில் மாற்றிச் சொல்லிவிடும். முத்துக்கரையின் பேச்சு வழக்கு, முறைப்பெயர், தொழிற்சொல் ஆகியவை அதற்குக் கிடைத்த எழுத்துகளில் குறைவாக இருப்பதால், தூத்துக்குடிச் சம்மாட்டி எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பொதுவான வணிகராகவே பேசுவார். ஆகவே நல்ல அமைப்பில் வேலை பிரிகிறது: விதை எண்ணும் விதிகளும் பங்கையும் கடனையும் உறவையும் முடிவு செய்து பதிந்துவைக்கும், மொழி மாதிரி அந்தப் பதிவைப் படித்துப் பேச்சை மட்டும் எழுதும்.

முத்துக்கரை ஊருக்கான விதிகள்

மேலே கண்ட படிகளைச் சேர்த்தால், இக்கரைக்கு உரிய ஊரை உருவாக்கும் வரிசை கிடைக்கிறது. முதலில் கடல்: பார், ஆழம், சிப்பியின் வயது, காற்று. இரண்டாவது நிலம்: ஆற்றின் வண்டல், முகத்துவாரம், குடிநீர். மூன்றாவது வரலாறு: எந்தத் துறை தூர்ந்தது, எந்த ஆட்சி வந்தது, யாருக்கு மானியக் கல் உண்டு. நான்காவது பங்கு: அரசுக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, படகுக்குள் யாருக்கு எவ்வளவு. ஐந்தாவது ஆட்கள்: பங்கு பெறும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒருவர், அவருக்குக் குடும்பம், பெயர், கடன். ஆறாவது தெரு. ஏழாவது பேச்சு. பெரும்பாலான மென்பொருள்கள் தெருவில் தொடங்கி ஆட்களுக்கு வருகின்றன. சலாபத்து ஊர் காட்டும் பாடம் இதற்கு மாறானது: பங்கைச் சரியாக எழுதினால் ஆட்களும், அவர்களின் நட்பும் பகையும், அவர்கள் கூடும் இடங்களும் தாமே வரும். கொட்டு வாசலில் கைப்பிடிச் சிப்பி வாங்க நிற்கும் ஏழையும், ஏலத்தில் இலட்சக்கணக்கில் வாங்கும் வணிகரும், குளியாளுக்கு முன்பணம் கொடுத்தவரும் ஒரே பங்கு அட்டவணையின் வெவ்வேறு வரிகளே. கதைகளும் அங்கேதான் பிறக்கின்றன: பங்கில் குறை, மறைத்த முத்து, கயிற்றை விட்ட கை, திருப்பாத கடன்.

எட்டாவது விதி, ஊர் கலைவது. சிப்பி தீர்ந்தாலும், காற்று திரும்பினாலும், நோய் பரவினாலும் சலாபம் முடியும். படகுகள் கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அரபுக் கரைக்கும் திரும்பும். இலங்கை அரசு 1906-இல் தன் பார்களை 20 ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லாமல் அந்நிறுவனம் நொடித்தது. தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபங்களுக்குப் பிறகு பார்கள் மீண்டும் சலாபத்துக்கு உரிய விளைச்சலைத் தரவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. அதற்கு ஆய்வகமும் மிதவைக் கூண்டும் போதும்; சலாபத்து ஊர் வேண்டியதில்லை. ஊர் கட்டும் மென்பொருளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த எட்டாவது விதிதான். ஊரை எழுப்பும் காரணம் நிரலில் இருந்தால், அதைக் கலைக்கும் காரணமும் அங்கேயே இருக்கவேண்டும். குடிகள் எங்கே போனார்கள் என்ற பதிவும் இருக்கவேண்டும். அடுத்த கரையில் எழும் ஊருக்கு அவர்களே முதல் குடிகள்.

அடுத்த பகுதி: கற்பனை ஊர்களின் சந்தை விலைகளை மென்பொருள் ஏற்றி இறக்கும் முறை.